போர்தோ நகரில் ஒரு கையெழுத்து



போர்த்துக்கல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை சில உண்டு. அன்னை மரியா காட்சி தந்த பாத்திமா. கோடி அற்புதரான புனித அந்தோனியார் பிறந்த லிஸ்பன். அதே லிஸ்பனில் பிறந்து, நம் மறவ நாட்டில் ஓரியூர் மண்ணில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர். அந்த நாட்டுக் கத்தோலிக்கர் ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். இவர் புனிதர் அல்லர். அந்தப் பட்டியலில் இவரைச் சேர்க்க நாம் முயலவும் இல்லை. அரசு அலுவலகத்தில் முத்திரை குத்தும் வேலையில் இருந்தவர். பெயர் அரிஸ்டிடெஸ் டி சூசா மெண்டஸ்.

1885-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், போர்த்துக்கலின் விசேயு நகருக்குத் தெற்கே காபனாஸ் டி விரியாத்து என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நீதிபதி. நிலபுலன் உள்ள, மன்னராட்சியை விரும்பிய, பக்தியான குடும்பம். இவரும் இரட்டைச் சகோதரர் செசாரும் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, இருவருமே வெளிநாட்டுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். உறவுப் பெண்ணான ஆஞ்சலினாவை மணந்தார். பதினான்கு பிள்ளைகள். பிரிட்டிஷ் கயானா, சான்சிபார், பிரேசில், அமெரிக்கா, ஸ்பெயின், பெல்ஜியம் என்று மாற்றல் உத்தரவு வந்த இடமெல்லாம் குடும்பம் முழுவதும் கூடவே போனது. அத்தனை பேரும் ஒன்றாகப் பயணம் செய்ய, பேருந்து போன்ற ஒரு வண்டியைத் தனியாகச் செய்வித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்திலிருந்து கிறிஸ்து அரசர் சிலை ஒன்றைக் கொண்டுவந்து, சொந்த ஊரில் தம் வீட்டின் எதிரே நிறுவினார்.

கண்டிப்பான அதிகாரி என்று இவரைச் சொல்ல முடியாது. கணக்கு வழக்குகளில் கொஞ்சம் அலட்சியம் உண்டு. அரசியல் காரணத்தால் பிரேசிலில் இருந்தபோது ஒருமுறை பணியிலிருந்து நிறுத்தியும் வைக்கப்பட்டார். 1938-இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகருக்குத் துணைத்தூதராக வந்தபோது வயது 53. இன்னும் சில ஆண்டுகள் ஓட்டினால் நிம்மதியாக ஓய்வு பெற்று, ஊரில் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு காலம் கழித்திருப்பார்.

அந்த ஆண்டு ஐரோப்பாவில் அகதிகளின் நிலை என்ன என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டுக் கொண்டிருந்தார்கள். 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, இவர்களை யார் ஏற்பது என்று பேசினார்கள். அனுதாபத்துக்குக் குறைவில்லை, ஆனால் டொமினிக்கன் குடியரசைத் தவிர எந்த நாடும் பெரிய எண்ணிக்கையில் ஏற்க முன்வரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், எல்லையில் எளிதாக அடையாளம் கண்டு தடுக்க வசதியாக, ஜெர்மானிய யூதர்களின் கடவுச்சீட்டில் சிவப்பு எழுத்து ஒன்று குத்தப்படலாயிற்று. எல்லைக் காவலர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். முதல் பக்கத்தைப் புரட்டினால் போதும்.

போர்த்துக்கல் போரில் சேரவில்லை. ஆட்சி சலாசார் கையில் இருந்தது. பிரதமரான அவரே வெளியுறவுத் துறையையும் வைத்திருந்தார். இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சலாசாரும் கத்தோலிக்கர். சூசா மெண்டஸின் ஊருக்கு அதிக தொலைவில்லாத சிற்றூரில் பிறந்தவர். விசேயு குருமடத்தில் எட்டு ஆண்டுகள் படித்தவர். பிறகு அதே கோயிம்பிராவில் சட்டம் படித்தவர். ஒரே மண், ஒரே ஞானஸ்நானம், ஒரே பல்கலைக்கழகம். இவரை மறைநம்பிக்கை உள்ளவர் என்றும் அவரை இல்லாதவர் என்றும் பிரித்துவிட்டால் நமக்கு வசதியாக இருக்கும். அப்படிப் பிரிக்க முடியாது.

1939 நவம்பர் 11-ஆம் நாள், போர் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆனபோது, லிஸ்பனிலிருந்து எல்லாத் துணைத்தூதரகங்களுக்கும் 14-ஆம் எண் சுற்றறிக்கை போனது. குறிப்பிட்ட சில வகையினருக்கு அமைச்சகத்தின் முன் அனுமதி இல்லாமல் விசா தரக் கூடாது என்பது அதன் சாரம். நாடற்றவர்கள், குடியுரிமை உறுதியாகத் தெரியாதவர்கள், ரஷ்யர்கள், நான்சன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், சொந்த நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள், போர்த்துக்கலில் இருந்து வேறு நாட்டுக்குக் கப்பலேற வழியிருப்பதைக் காட்ட முடியாதவர்கள் ஆகியோரே அந்த வகையினர். நான்சன் கடவுச்சீட்டு என்பது 1922 முதல் நாடிழந்தவர்களுக்கென்றே சர்வதேச அளவில் வழங்கப்பட்ட தாள். வேறு எந்தத் தாளும் கிடைக்காதவருக்காக உண்டாக்கப்பட்ட அந்தத் தாளே, இங்கே ஒருவரைத் தடுப்பதற்கான அடையாளமாயிற்று.

இந்தச் சுற்றறிக்கையைப் படித்துப் பார்த்தால் வெறுப்பான சொல் எதுவும் கண்ணில் படாது. அலுவலக நடையில் எழுதப்பட்டது. ஆனால் அது வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். ஒரு மனிதர் எதற்குப் பயந்து ஓடி வந்தார், திரும்பினால் அவருக்கு என்ன நேரும் என்று கேட்க அதில் இடமே இல்லை. அவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பது மட்டுமே கேள்வி. முடிவு செய்பவரோ அவரைக் காணாமல் லிஸ்பனில் உட்கார்ந்திருக்கிறார். மறுப்பு வந்தால் முறையிட இடமில்லை. பதிலே வராவிட்டால் அதுவும் மறுப்புத்தான். யாரையும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. தந்திக்குப் பதில் வரும் வரை காத்திருக்கச் சொன்னால் போதும்.

சுற்றறிக்கை வந்த அதே மாதத்திலேயே சூசா மெண்டஸ் அதை மீறினார். ஆர்னால்ட் விஸ்னிட்சர் என்ற யூதப் பேராசிரியருக்கு விசா கொடுத்தார். ஏன் என்று மேலிடம் கேட்டபோது, கொடுக்காவிட்டால் அவர் மனைவியையும் மகனையும் விட்டுப் பிரிந்து முகாமில் அடைக்கப்பட்டிருப்பார் என்று பதில் எழுதினார். இனி இப்படிச் செய்தால் கீழ்ப்படியாமையாகக் கருதப்படும் என்ற எச்சரிக்கை வந்தது. ஆக, 1940 ஜூனில் நடந்தது தெரியாமல் நடந்ததல்ல. விலை என்ன என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது.

1940 மே 10-ஆம் நாள் ஜெர்மன் படைகள் ஹாலந்து, பெல்ஜியம், லக்சம்பர்க் நாடுகளுக்குள் நுழைந்தன. பிறகு பிரான்சு. ஜூன் 14-இல் பாரிசு விழுந்தது. சாலைகள் எல்லாம் தெற்கு நோக்கி மனிதர்களால் நிரம்பின. பிரெஞ்சு அரசும் போர்தோவுக்கு ஓடிவந்தது. அங்கிருந்து தப்ப ஸ்பெயின் வழியே லிஸ்பனுக்குப் போய்க் கப்பலேற வேண்டும். ஸ்பெயினோ, போர்த்துக்கல் விசா இருந்தால்தான் தன் மண்ணைக் கடக்க விடும். போர்த்துக்கல், அதற்கு அப்பால் போக விசாவும் கப்பல் சீட்டும் கேட்கும். அப்பால் உள்ள நாடுகளின் துணைத்தூதரகங்களிலும் வரிசைதான். ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்றின் கெடு முடிந்துவிடும். இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி சூசா மெண்டஸின் மேசை மேல் இருந்தது.

துணைத்தூதரகம் ஆற்றங்கரைச் சாலையில், லூயி 18-ஆம் மன்னர் பெயர் கொண்ட தெருவில் 14-ஆம் எண் வீட்டில் இருந்தது. அலுவலகமும் குடியிருப்பும் ஒன்றே. மாடிப்படிகளிலும் தாழ்வாரத்திலும் மக்கள் இரவும் பகலும் கிடந்தார்கள். இடத்தை விட்டால் வரிசை போய்விடும் என்று சாப்பிடக்கூடப் போகவில்லை. முதியோரும் நோயாளிகளும் குழந்தைகளும் வீட்டின் அறைகளில் தங்க வைக்கப்பட்டார்கள். ஆஞ்சலினா அவர்களைக் கவனித்துக்கொண்டார். சிறு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டிருந்ததால், மூத்த மகன்கள் இருவர் மட்டும் பெற்றோருடன் இருந்தார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஆஞ்சலினாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஹயிம் க்ரூகர் என்ற ரபி இருந்தார். போலந்தைச் சேர்ந்தவர்; பெல்ஜியத்திலிருந்து மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் தப்பி வந்தவர். சூசா மெண்டஸ் அவரைச் சந்தித்து, குடும்பத்தோடு தம் வீட்டில் தங்கவைத்தார். லிஸ்பனுக்கு அனுமதி கேட்டுத் தந்தி அனுப்பினார். மறுப்பு வந்தது. அதன் பின்பும் ரபியின் குடும்பத்துக்கு மட்டும் விசா தருவதாகச் சொன்னார். ரபி ஏற்கவில்லை. வெளியே கிடக்கும் தம் மக்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் போக முடியாது என்றார்.

நம்மில் பலர், முடிந்தது ஒருவருக்காவது உதவினோமே என்று அந்த இடத்தில் திருப்தி அடைந்திருப்போம். பங்குத்தந்தையர்களாகிய நாமும் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர்கள்தாம். தெரிந்தவர் ஒருவருக்குச் சலுகை வாங்கித் தருவது நமக்குப் பழக்கம். ரபி க்ரூகர் கேட்டது சலுகை அல்ல. ஒருவருக்குக் கொடுக்க நியாயம் இருந்தால் அதே நிலையில் உள்ள எல்லாருக்கும் அந்த நியாயம் உண்டல்லவா என்றுதான் அவர் மறுப்புக் கேட்டது. ஒரு துணைத்தூதரின் இரக்கத்தை உரிமைப் பிரச்சினையாக மாற்றியவர் அவரே என்று நாம் கருதுகிறோம்.

சூசா மெண்டஸ் படுக்கையில் விழுந்தார். இரண்டு மூன்று நாட்கள் எழவில்லை. காய்ச்சலா, மனமுறிவா என்று தெளிவாகச் சொல்வாரில்லை; புரண்டு புரண்டு முனகினார் என்று வீட்டில் இருந்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். ஜூன் 17 காலையில் எழுந்து, முகம் மழித்து, உடை மாற்றிக்கொண்டு அலுவலகக் கதவைத் திறந்தார். நாடு, இனம், சமயம் எதுவும் பாராமல் கேட்கும் எல்லாருக்கும் விசா தரப்படும் என்று அறிவித்தார். சமயத்தையோ அரசியல் கருத்தையோ காரணம் காட்டி அடைக்கலம் மறுக்கத் தம் நாட்டு அரசியல் சட்டமே இடம் தரவில்லை என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று எனக் குடும்பத்தார் கூறியுள்ளனர். சட்டம் படித்தவர் அல்லவா! சுற்றறிக்கைக்கு மேலே ஒரு சட்டம் இருப்பதை மறக்கவில்லை. அதே நாளில்தான் பிரான்சின் மார்ஷல் பெத்தேன் போரை நிறுத்தப்போவதாக வானொலியில் அறிவித்தார்.

அதன் பிறகு நடந்ததை வேலை என்றுதான் சொல்ல வேண்டும். ரபி கடவுச்சீட்டுகளைக் கத்தை கத்தையாக வாங்கி வருவார். மகன்களும் செயலர் சியாப்ராவும் முத்திரை குத்துவார்கள். இவர் கையெழுத்துப் போடுவார். முழுப் பெயர் எழுத நேரம் போதாமல் மெண்டஸ் என்று மட்டும் எழுதினார். கட்டணம் வாங்குவதை நிறுத்தினார். பதிவேட்டில் எழுதுவதையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். ஜூன் 19 இரவு போர்தோ மீது குண்டு விழுந்தது. அடுத்த நாள் தெற்கே பயோன் நகருக்குப் போய், அங்கே தயங்கிக்கொண்டிருந்த போர்த்துக்கல் அலுவலகத்திலும் அதே வேலையைச் செய்தார். பின்னர் எல்லை ஊரான ஹெண்டாயில், தெருவிலேயே நின்று தாள்களில் கையெழுத்திட்டார்.

இதற்குள் மாட்ரிட்டில் இருந்த போர்த்துக்கல் தூதர் எல்லைக்கு விரைந்து வந்து, இவர் நிதானத்தில் இல்லை, இந்த விசாக்கள் செல்லாது என்று ஸ்பெயின் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். பெரிய எல்லைச் சாவடி மூடப்பட்டது. சூசா மெண்டஸ் தம் காரை முன்னால் ஓட்டி, தொலைபேசி இல்லாத ஒரு சிறு சாவடிக்கு ஒரு கூட்டத்தை அழைத்துச் சென்றார் என்றும், அங்கிருந்த காவலருக்கு உத்தரவு எட்டாததால் அவர்கள் கடந்துபோனார்கள் என்றும் உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஜூலை 8-இல் அவர் ஊர் திரும்பினார்.

எத்தனை பேர் தப்பினார்கள்? முப்பதாயிரம் என்று பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. ஆய்வாளர் சிலர் இதை ஏற்பதில்லை. போர்தோ பதிவேட்டில் ஜூன் 11 முதல் 22 வரை 1,575 விசாக்களே எழுதப்பட்டுள்ளன என்று காட்டுகிறார்கள். பதிவு செய்யாமல் கொடுத்தவையும், பயோனிலும் ஹெண்டாயிலும் கொடுத்தவையும், ஒரே விசாவில் போன குடும்பங்களும் அதில் அடங்கா. ஆயிரக்கணக்கானோர் என்பதில் ஐயமில்லை. ஆஸ்திரிய அரச குடும்பத்தின் ஓட்டோ ஃபான் ஹப்ஸ்பர்க்கும் அவருடைய உறவினர்களும் அதில் உண்டு. பெயர் தெரியாத தையல்காரர்களும் கடைக்காரர்களும் உண்டு. எண்ணைப் பெரிதாக்கினால்தான் செயல் பெரிதாகும் என்று நாம் நினைக்கவில்லை.

லிஸ்பனில் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. ஆகஸ்டில் எழுத்து மூலம் பதில் கொடுத்தார். தாம் கண்டவற்றை அதில் விவரித்தார்: கணவனை, மனைவியைத் தொலைத்தவர்கள், பிள்ளைகள் எங்கே என்று தெரியாதவர்கள், உறவினர் குண்டுக்குப் பலியானதைக் கண்முன் பார்த்தவர்கள். மனிதநேயமே தம்மைத் தூண்டியது என்றார். விசாரணைக் குழு பதவியில் ஒரு படி இறக்கப் பரிந்துரைத்தது. சலாசார் அதை ஏற்காமல், 1940 அக்டோபர் 30-இல் தாமே தண்டனை விதித்தார்: ஓராண்டு பணியின்றி அரைச் சம்பளம், அதன்பின் கட்டாய ஓய்வு. மேல்முறையீடு 1941-இல் தள்ளுபடியானது. அடைக்கலம் தேடியவர்களுக்குக் கிடைக்காத நியாயமான விசாரணை, அவர்களுக்காகப் பேசியவருக்கும் கிடைக்கவில்லை.

ஒன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இவருக்கு அந்நாட்களில் பிரெஞ்சுப் பெண் ஒருவருடன் உறவு இருந்தது. 1940 அக்டோபரில் ஒரு குழந்தையும் பிறந்தது. பக்தியுள்ள மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது ஆறாத காயம். இவரைப் போற்றி எழுதுவோர் சிலர் இதை மறைக்கிறார்கள். இவரை வெறுப்போர் இதை மட்டுமே எழுதுகிறார்கள். அது பாவம் என்பதில் நமக்குக் குழப்பமில்லை. ஆனால் ஜூன் 17 அன்று கதவைத் திறந்தவரும் இதே மனிதர்தான்.

வறுமை வந்தது. ஓய்வூதியமாக அவருக்கு என்ன கிடைத்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடன் ஏறியதிலும், வீட்டுப் பொருட்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டதிலும் இல்லை. 1940 கோடையில் பெல்ஜிய அமைச்சர் ஒருவரின் குடும்பம் உட்பட அகதிகளுக்கு இடம் தந்த அந்தப் பெரிய வீடு, பின்னர் கடனுக்காகக் கைமாறி, கூரை இடிந்து பாழடைந்தது. லிஸ்பனில் யூத சமூகம் அகதிகளுக்காக நடத்திய உணவுக்கூடத்தில் இவரும் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். உறவினர் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். எல்லாரும் ஞாயிறு திருப்பலிக்குப் போகிற நாட்டில், ஒரு குடும்பம் இப்படித் தனித்து விடப்பட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போனார்கள். கலிபோர்னியாவில் பிறந்த இரு மகன்கள் அமெரிக்கப் படையில் சேர்ந்தார்கள். 1945-இல் இவருக்குப் பக்கவாதம். இதற்கிடையே, போர்க்காலத்தில் அகதிகளுக்கு இடம் தந்த நாடு என்ற நற்பெயரைப் போர்த்துக்கல் அரசு மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது.

1948 ஆகஸ்டில் ஆஞ்சலினா இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பாரிசில் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பேரறிக்கையை ஏற்றது. கொடுமைக்குத் தப்பி வேறு நாட்டில் அடைக்கலம் தேடவும் துய்க்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. சுற்றறிக்கையின் எண்ணும் 14 என்பது தற்செயல்தான். இருந்தாலும் நமக்கு மனதில் தைக்கிறது. 1951-இல் ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை உருவாயிற்று. இனம், சமயம், அரசியல் கருத்து முதலியவற்றின் பொருட்டு உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதில் எழுதப்பட்டது. ஹெண்டாய்த் தெருவில் இவர் தனியாக நின்று செய்ததை, உலகம் கூடி உட்கார்ந்து சட்டமாக எழுதியது. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை.

1954 ஏப்ரல் 3-ஆம் நாள் லிஸ்பனில் பிரான்சிஸ்கன் சபையாரின் மருத்துவமனையில் காலமானார். அடக்கத்துக்கு உடுத்த நல்ல உடை இல்லாததால், துறவியரின் அங்கியையே உடுத்தி அடக்கம் செய்தார்கள் என்பர்.

தந்தையின் பெயரை மீட்கப் பிள்ளைகள், குறிப்பாக மகள் ஜொவானா, பல ஆண்டுகள் கடிதம் எழுதிக் கொண்டேயிருந்தார்கள். 1966-இல் எருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம் யூதரைக் காத்த நேர்மையாளர்களில் ஒருவராக இவரை அறிவித்தது. சொந்த நாடு அசையச் சலாசாரின் ஆட்சிமுறை கவிழ வேண்டியிருந்தது. அது 1974-இல் கவிழ்ந்த பிறகும் நாட்கள் ஆயின. 1988 மார்ச்சில்தான் போர்த்துக்கல் பாராளுமன்றம் ஒருமனதாக அவர் மீதான தண்டனையை நீக்கி, தூதர் நிலைக்கு உயர்த்தியது. இறந்து 34 ஆண்டுகளுக்குப் பின்! 2020 ஜூன் 17-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், புதன் பொது மறைக்கல்வியின்போது, மனச்சான்றின் நாளாக இந்த நாளை நினைவுகூர்ந்து இவரைக் குறிப்பிட்டார். 2021 அக்டோபர் 19-இல் லிஸ்பனின் தேசிய நினைவாலயத்தில் இவருக்கு நினைவிடம் அமைக்கப்பட்டது. அதில் உடல் இல்லை. உடல் காபனாஸ் டி விரியாத்துக் கல்லறைத் தோட்டத்திலேயே இருக்கிறது.

இடிந்து கிடந்த வீட்டைச் செப்பனிட்டு, அவருடைய பிறந்த நாளான 2024 ஜூலை 19 அன்று அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எதிரே, பெல்ஜியத்திலிருந்து அவர் கொண்டுவந்த கிறிஸ்து அரசர் சிலை நிற்கிறது.